பழைய பிரிட்டிஷ் சிட்காம்கள், கேசட் முதல் டிஸ்க் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வருகிறவர்கள் என் டிவிடி அலமாரியைப் பார்த்துவிட்டு ஏதாவது கேட்காமல் போவதில்லை. "அம்பது வருஷத்துப் பழசு, இன்னுமா பார்க்கிறீங்க?" என்பார்கள். "எல்லாம் நெட்டுலயே இருக்கே, இது எதுக்கு?" என்பார்கள். உண்மையான ஆர்வத்தோடு "எதில் ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்கிறவர்களும் உண்டு. எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

பழைய பிரிட்டிஷ் சிட்காம் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

ஒரே இடம், மாறாத சில ஆட்கள், வாரம் ஒரு புதுச் சிக்கல், அரை மணி நேரத்தில் முடிகிற நகைச்சுவைத் தொடர். அதுதான் சிட்காம். 1960-களிலிருந்து 1990-களின் நடுப்பகுதி வரை பிபிசியிலும் ஐடிவியிலும் வந்தவற்றைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். ஸ்டெப்டோ அண்ட் சன், டாட்ஸ் ஆர்மி, போரிட்ஜ், ஃபால்ட்டி டவர்ஸ், யெஸ் மினிஸ்டர், ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ், பிளாக்காடர், கீப்பிங் அப் அப்பியரன்சஸ். மிஸ்டர் பீனையும் சேர்த்துக்கொள்ளலாம். தனி மனிதக் கூத்துதான் என்றாலும் அதே தறியில் நெய்த துணி.

ஒன்றுமே பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம்?

ஃபால்ட்டி டவர்ஸ். யோசிக்கவே வேண்டாம்.

இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் டார்க்கீ என்ற ஊரில் ஒரு சின்ன ஹோட்டல். அதை நடத்தும் பேசில் ஃபால்ட்டிக்கு விருந்தாளிகளைக் கண்டாலே ஆகாது. பேசிலாக நடித்தவர் ஜான் கிளீஸ். அவரும் கோனி பூத்தும் சேர்ந்து எழுதினார்கள். 1970-ல் கிளீஸும் நண்பர்களும் டார்க்கீயில் ஒரு ஹோட்டலில் தங்கியபோது அதன் முதலாளி காட்டிய முரட்டுத்தனம்தான் கதைக்கு வித்து. பிரதியை முதலில் படித்த பிபிசி வாசிப்பாளர் ஒருவர், இது பேரழிவாகத்தான் முடியும் என்று குறிப்பு எழுதினார். அதே தொடரை 2000-ல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் தயாரித்த 100 சிறந்த பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பட்டியலில் முதலிடத்தில் வைத்தார்கள்.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். ஹோட்டலில் பெரிய விருந்து. சமையல்காரர் குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறார். வேறொரு உணவகத்திலிருந்து சாப்பாட்டைக் காரில் ஏற்றிக்கொண்டு பேசில் பறந்து வருகிறார். நடுவழியில் கார் நின்றுவிடுகிறது. கெஞ்சுகிறார், திட்டுகிறார், மூன்று எண்ணுகிறார். கார் அசையவில்லை. இறங்கி, உன்னை எச்சரித்தேன் அல்லவா என்று அதனிடமே சொல்லிவிட்டுத் திரையை விட்டு ஓடிவிடுகிறார். இப்போது கேமரா நகர்வதில்லை. சாலையோரத்தில் ஒரு சிவப்புக் கார் சும்மா நிற்கிறது, அவ்வளவுதான் படம். சில நொடி கழித்துப் பெரிய மரக்கிளை ஒன்றோடு ஓடிவந்து காரை விளாசு விளாசென்று விளாசுகிறார். முதல் தடவை பார்க்கும்போது அந்த அடி சிரிக்க வைக்கும். பத்தாவது தடவை, அந்த வெறும் கார் நிற்கும் நொடிகளிலேயே சிரிப்பு வந்துவிடும். கிளையைத் தேடி ஓடியிருக்கிறார் என்று நமக்குத் தெரியும், காருக்குத் தெரியாது. திரும்பத் திரும்பப் பார்க்கும்போதுதான் இந்த வேலைப்பாடு கண்ணில் படுகிறது. ஒரே ஒரு தடவை ஒளிபரப்பி முடித்திருந்தால் இதை யாரும் கவனித்திருக்க வழியில்லை.

மொத்தமே 12 எபிசோடுதானா?

ஆமாம். 1975-ல் 6, 1979-ல் 6. நான்கு வருட இடைவெளி. அதற்குள் எழுதிய இருவரும் கணவன் மனைவியாக இருந்து பிரிந்தும்விட்டார்கள். ஆனாலும் இரண்டாம் பாகத்தைச் சேர்ந்தே எழுதினார்கள். பிபிசியில் நடந்த வேலைநிறுத்தத்தால் கடைசி எபிசோடு மட்டும் மாதக்கணக்கில் தள்ளிப்போய் அக்டோபரில் வந்தது.

பிரிட்டனில் இதுதான் வழக்கம். அமெரிக்காவில் ஒரு பெரிய அறை முழுக்க எழுத்தாளர்கள் உட்கார்ந்து வருடத்துக்கு இருபது எபிசோடுக்கு மேல் எழுதித் தள்ளுவார்கள். இங்கே ஒருவர் அல்லது இருவர், வருடத்துக்கு ஆறோ ஏழோ. ஃபால்ட்டி டவர்ஸின் பிரதி, சாதாரண அரை மணி நேரத் தொடரின் பிரதியைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தடிமன். அதையும் அரை மணி நேரத்துக்குள் ஆடி முடித்தார்கள். அதனால்தான் அந்த மூச்சிரைக்கும் வேகம்.

முழுத் தொடரையும் ஒரு சின்னப் பெட்டியில் அடக்கி அலமாரியில் வைத்துக்கொள்ள முடிவதற்கும் இதுவே காரணம். பிளாக்காடர் நான்கு பாகம், 24 எபிசோடு. யெஸ் மினிஸ்டரும் யெஸ் பிரைம் மினிஸ்டரும் இரண்டும் சேர்த்து 38. ஒரு மழைக்காலத்தில் பார்த்து முடித்துவிடலாம். விதிவிலக்கு லாஸ்ட் ஆஃப் த சம்மர் வைன்: 1973-லிருந்து 2010 வரை 295 எபிசோடு.

பின்னால் கேட்கும் சிரிப்பு, ஒட்டவைத்த சிரிப்பா?

இல்லை. நான் பெயர் சொன்ன தொடர்கள் பெரும்பாலும் ஸ்டுடியோவில் பார்வையாளர்களை உட்கார வைத்து, நாடகம்போல வரிசையாக நடித்துப் பதிவு செய்யப்பட்டவை. வாரம் முழுக்க ஒத்திகை, ஒரே இரவில் பதிவு. வெளிப்புறக் காட்சிகளை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொண்டு, அன்று இரவு அதே பார்வையாளர்களுக்குத் திரையில் போட்டுக் காட்டி அவர்கள் சிரிப்பைப் பதிவு செய்வார்கள்.

சபா நாடகம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சிரிப்பு அடங்கும்வரை நடிகர் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்புக்குள் முகத்தில் எதையோ செய்து இன்னொரு சிரிப்பை வாங்கிவிடுகிறார். டாட்ஸ் ஆர்மியில் கேப்டனாக நடித்த ஆர்தர் லோ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சும்மா பார்க்கும் ஒரு பார்வைக்கு எழும் சிரிப்பைக் கேளுங்கள். எந்த இயந்திரத்தாலும் அப்படித் தயங்கித் தொடங்கி அலையாக ஏற முடியாது.

கதாபாத்திரம் வீட்டை விட்டு வெளியே வந்ததும் படத்தின் தோற்றமே மாறுகிறது. டிஸ்க்கில் கோளாறா?

கோளாறு இல்லை. இதைக் கேட்டு டிஸ்க்கைக் கடையில் திருப்பிக் கொடுத்தவர்கள்கூட உண்டு, அதனால் விவரமாகவே சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஸ்டுடியோக் காட்சிகளை எலெக்ட்ரானிக் கேமராவில் வீடியோ டேப்பில் எடுத்தார்கள். அந்த கேமராக்கள் பெரியவை, கேபிளோடு கட்டுண்டவை, தெருவுக்குத் தூக்கிப் போக வசதிப்படாது. அதனால் வெளிப்புறத்துக்கு 16 மிமீ ஃபிலிம். வீடியோ விநாடிக்கு 50 தடவை படத்தைப் புதுப்பிக்கும், ஃபிலிம் 25 தடவை. ஆகவே உள்ளே அசைவு வழுவழுவென்று நேரில் பார்ப்பதுபோல இருக்கும். வெளியே வந்ததும் சினிமாபோல, கொஞ்சம் சொரசொரப்பாக, நிறம் மங்கித் தெரியும். பழகிவிட்டால் இதுவும் பிடித்துப்போகும்.

சில தொடர்களில் நடுவில் எபிசோடுகள் இல்லையே, ஏன்?

அழித்துவிட்டார்கள். வேண்டுமென்றேதான், விதிமுறைப்படியே.

1970-களின் கடைசி வரை பிபிசியில் ஒளிபரப்பு முடிந்த டேப்பை அழித்து அதன் மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்வது சாதாரண நடைமுறை. அன்றைக்கு இரண்டு அங்குல அகல டேப் ஒன்றின் விலை அதிகம். அடுக்கி வைக்க இடமும் போதாது. நடிகர் சங்கத்தோடும் இசைக் கலைஞர் சங்கத்தோடும் செய்திருந்த ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியைச் சில தடவைக்கு மேல் மறுஒளிபரப்பு செய்ய முடியாது. பிறகு வண்ணத் தொலைக்காட்சி வந்தது. கறுப்பு வெள்ளையை இனி யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தார்கள். இதை எல்லாம் விட முக்கியம், மக்கள் ஒரு நிகழ்ச்சியைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வார்கள் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. வைத்திருந்து என்ன பயன் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. வீடியோ கேசட் இன்னும் பத்து வருடம் முன்னால் வீடுகளுக்கு வந்திருந்தால் இதில் பெரும்பகுதி பிழைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

டாட்ஸ் ஆர்மியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது போர்முனைக்குப் போக வயது ஒத்துவராதவர்களும் தகுதி இல்லாதவர்களும் சேர்ந்த ஊர்க்காவல் படையின் கதை. எழுதியவர்களில் ஒருவரான ஜிம்மி பெரி, தானே பையனாக இருந்தபோது அந்தப் படையில் இருந்தவர். மொத்தம் 80 எபிசோடு. 1969-ல் வந்த இரண்டாம் பாகத்தின் ஆறில் ஐந்து காணாமல் போயின. குப்பைக்குப் போன ஃபிலிம் பெட்டிகளை ஒருவர் எடுத்து வீட்டில் வைத்திருந்ததால் 2001-ல் இரண்டு எபிசோடுகள் திரும்பக் கிடைத்தன. மூன்று இன்னும் இல்லை. அவற்றில் ஒன்றின் ஒலி மட்டும் கிடைத்து, அதற்கு 2016-ல் அனிமேஷன் படம் சேர்த்தார்கள். 2019-ல் மூன்றையும் பழைய பிரதியை வைத்துப் புது நடிகர்களோடு மறுபடி எடுத்தார்கள். அன்போடு செய்த வேலைதான். ஆனாலும் ஆர்தர் லோவின் முகம் அதில் இல்லையே.

இன்னொரு எபிசோடின் கதை இன்னும் அழகு. வண்ணத்தில் எடுத்தது, ஆனால் மிஞ்சியது வெளிநாட்டு விற்பனைக்காகத் திரையைப் பார்த்துப் பதிவு செய்த கறுப்பு வெள்ளை ஃபிலிம் மட்டும். அந்த ஃபிலிமை மிக நெருக்கமாக ஸ்கேன் செய்தபோது படத்தின் மேல் பொடிப் புள்ளிகள் தெரிந்தன. வண்ண சிக்னலை வடிகட்டாமல் விட்டதால் கறுப்பு வெள்ளைத் திரையில் தங்கிய தடம் அது. அந்தப் புள்ளிகளைக் கணினி படித்து, எந்த இடத்தில் எந்த நிறம் இருந்தது என்று கணக்குப் போட்டு, 2008-ல் வண்ணத்தை மீட்டுவிட்டார்கள். யாரும் தூரிகையால் தீட்டிய நிறம் இல்லை. அன்றைக்கு எடுத்த நிறமே பல வருடம் ஒளிந்திருந்து வெளியே வந்தது.

ஸ்டெப்டோ அண்ட் சன் அந்த அளவுக்கு அடிபடவில்லை. எல்லா எபிசோடும் இருக்கின்றன. ஆனால் 1970-ல் வண்ணத்தில் எடுத்தவற்றில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளையாகத்தான் மிஞ்சின. டிஸ்க்கில் அந்த இடம் வரும்போது உங்கள் டிவியைச் சந்தேகிக்க வேண்டாம்.

கேசட் வருவதற்கு முன்னால் ரசிகர்கள் என்ன செய்தார்கள்?

கேட்டார்கள். உண்மையாகவே காதால் கேட்டார்கள். பிபிசி தன் நகைச்சுவைத் தொடர்களின் ஒலியை இசைத்தட்டாக விற்றது. 1979-ல் ஃபால்ட்டி டவர்ஸும் அப்படி வந்தது. வீட்டில் டேப் ரெக்கார்டர் இருந்தவர்கள் மைக்கை டிவி ஸ்பீக்கர் முன்னால் பிடித்துப் பதிவு செய்தார்கள். 1980-களில் விஎச்எஸ் வீடியோ கேசட் வந்ததும் நிலைமை தலைகீழாகிவிட்டது. எந்த அளவுக்கு என்றால், மிஸ்டர் பீனின் 15 எபிசோடுகளில் ஒன்று டிவிக்கே வராமல் நேராக கேசட்டில் வெளியானது. முடிதிருத்தும் கடையில் பீன் கத்தரிக்கோலைக் கையில் எடுக்கும் கதை அது. ஒரு காலத்தில் டேப்பை அழித்த அதே தொழில், இப்போது டேப்புக்கென்றே படம் எடுத்தது.

இவ்வளவு வருடம் கழித்தும் இவை ஏன் நிற்கின்றன?

பலர் பல காரணம் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இவை அகப்பட்டுக்கொண்ட மனிதர்களின் கதைகள். ஸ்டெப்டோவில் பழைய சாமான் வியாபாரம் செய்யும் அப்பாவும் மகனும். மகனுக்கு வீட்டை விட்டுப் போக ஆசை, போக முடியாது. போரிட்ஜில் சிறைச்சாலையே கதைக்களம். ஒன்லி ஃபூல்ஸில் தெற்கு லண்டனின் பெக்கமில் அடுக்குமாடி அரசுக் குடியிருப்பு ஒன்றில் இருந்துகொண்டு, அடுத்த வருடம் நாம் கோடீஸ்வரர்கள் என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே இருக்கும் டெல் பாய். கீப்பிங் அப் அப்பியரன்சஸில் பக்கெட் என்ற தன் குடும்பப் பெயரை 'பூக்கே' என்றுதான் உச்சரிக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஹயசிந்த். வாளிக்கும் பூச்செண்டுக்கும் நடுவே உள்ள அந்தத் தூரம்தான் முழுத் தொடரும்.

தான் இருக்கும் இடத்துக்கும் தான் இருப்பதாக நினைத்துக்கொள்ளும் இடத்துக்கும் நடுவே அல்லாடும் மனிதர் எந்த ஊரில் இல்லை? எங்கள் தெருவிலேயே நாலு ஹயசிந்த்கள் இருக்கிறார்கள். வெளிநாடுகளுக்கு மிக அதிகமாக விற்பனையான பிபிசி தொடர் என்று 2016-ல் அதைத்தான் அறிவித்தார்கள். எனக்கு அதில் துளியும் ஆச்சரியம் இல்லை.

டாட்ஸ் ஆர்மியில் இது இன்னும் நுட்பம். கேப்டன் மேன்வரிங் உள்ளூர் வங்கி மேலாளர், கீழிருந்து உழைத்து மேலே வந்தவர். அவருக்குக் கீழே வேலை செய்யும் சார்ஜென்ட் வில்சன் உயர்குடிப் பிறப்பு, பெரிய பள்ளியில் படித்தவர். வில்சன் ஒருபோதும் எதிர்த்துப் பேசுவதில்லை. "அது புத்திசாலித்தனமாக இருக்குமா, சார்?" என்று மென்மையாகக் கேட்பார், அவ்வளவுதான். மேன்வரிங்கின் முகம் சுருங்கும். பிரிட்டிஷ் வர்க்க பேதத்தைப் பற்றிக் கட்டுரை படிக்க வேண்டாம், அந்த முகத்தைப் பார்த்தால் போதும். அத்தனை வறட்டுக் கௌரவம் பிடித்த மனிதர், எதிரி வந்தால் நிஜமாகவே முதல் ஆளாக முன்னால் போய் நிற்பார் என்பதில் நமக்குச் சந்தேகமே வராது. அதனால்தான் அவரைப் பார்த்துச் சிரிக்கும்போதே மரியாதையும் பிறக்கிறது.

டெல் பாய் விழும் காட்சி என்கிறார்களே, அதில் என்ன விசேஷம்?

1989-ல் வந்த எபிசோடு. டெல் பாயும் நண்பர் டிரிக்கரும் ஒரு நாகரிக மதுக்கடையில் நிற்கிறார்கள். பெண்கள் தன்னைக் கவனிப்பதாக டெல்லுக்கு நினைப்பு. கவுன்ட்டரில் சாய்ந்திருக்கிறார். சற்று விலகும்போது கடை ஊழியர் கவுன்ட்டரின் தூக்குப் பலகையைத் திறந்துவிட்டுப் போகிறார். டெல் பார்க்காமல் மறுபடி சாய்கிறார், பலகை அங்கே இல்லை. அடி சாய்ந்த மரம்போலப் பக்கவாட்டில் அப்படியே போய்விடுகிறார்.

கவனிக்க வேண்டியது டெல்லாக நடிக்கும் டேவிட் ஜேசனின் கையையும் காலையும். விழப்போகிறோம் என்று தெரிந்த எவருக்கும் உடம்பு தானாகவே பதறும், கை எதையாவது பிடிக்கப் பாயும். இவருக்கு அந்த அசைவே இல்லை, முகம்கூடத் திரும்பவில்லை. டிரிக்கர் திரும்பிப் பார்க்கிறார், ஆளைக் காணோம். மெதுவாக ஓட்டிப் பாருங்கள். டிஸ்க் வைத்திருப்பதன் பயன் இந்த மாதிரி இடத்தில்தான் தெரியும். 1996 டிசம்பரில் இந்தத் தொடரின் கிறிஸ்துமஸ் எபிசோடு ஒன்றை 2 கோடியே 43 லட்சம் பேர் பார்த்தார்கள். பிரிட்டிஷ் சிட்காம் எதுவும் அந்த எண்ணைத் தொட்டதில்லை.

யெஸ் மினிஸ்டர் பார்க்க பிரிட்டிஷ் அரசியல் தெரிய வேண்டுமா?

வேண்டாம். ஒரு தடவை அரசு அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்கு அலைந்திருந்தால் போதும். அமைச்சர் ஏதாவது நல்லது செய்யப் பார்ப்பார். அவருடைய துறைச் செயலர் சர் ஹம்ஃப்ரி, "நிச்சயமாக, அமைச்சரே" என்று சொல்லிக்கொண்டே அது நடக்காமல் பார்த்துக்கொள்வார். ஒரு எபிசோடில் ஒரு புது மருத்துவமனை வருகிறது. நிர்வாக ஊழியர்களும் மற்றவர்களுமாக ஐந்நூறு பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள், நோயாளி ஒருவர்கூட இல்லை. செயலர் கண்ணில் அது மிக நன்றாக நடக்கும் மருத்துவமனை. அதை அவர் முழு நம்பிக்கையோடு வாதாடுவார், கேட்கும் நமக்கே ஒரு நொடி சரிதானோ என்று தோன்றும்.

நமக்கு இது இவ்வளவு நெருக்கமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. நம் நிர்வாகக் கட்டமைப்பு அங்கிருந்து வந்ததுதானே. 2001-ல் ஸ்டார் பிளஸ் இதை 'ஜி மந்திரிஜி' என்று இந்தியில் எடுத்தது, அமைச்சராக ஃபரூக் ஷேக் நடித்தார்.

உச்சரிப்பு புரியவில்லை. என்ன செய்வது?

சப்டைட்டில் போடுங்கள். பிபிசி வெளியிட்ட பெரும்பாலான டிவிடிகளில் காது கேளாதோருக்கான ஆங்கில சப்டைட்டில் இருக்கும். கேசட்டில் பார்த்த தலைமுறைக்கு இந்த வசதி இல்லை. ஒன்லி ஃபூல்ஸின் தெற்கு லண்டன் பேச்சுக்குக் கட்டாயம் தேவைப்படும். சர் ஹம்ஃப்ரியின் நீளமான வாக்கியங்களை எழுத்தில் பார்ப்பது தனி இன்பம்; ஒரே வாக்கியம் திரையில் நாலைந்து தடவை மாறும். ஃபால்ட்டி டவர்ஸில் சப்டைட்டில் இல்லாமலே பாதி புரிந்துவிடும்.

ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கும்போது டிஸ்க் எதற்கு?

ஸ்ட்ரீமிங்கில் இன்று இருப்பது நாளை இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 2020 ஜூனில் ஃபால்ட்டி டவர்ஸின் ஜெர்மானியர்கள் வரும் எபிசோடை யுகேடிவி தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப வைத்தார்கள். அதே எபிசோடில் வயதான மேஜர் பேசும் இனவெறிச் சொற்களை 2013-ல் பிபிசி மறுஒளிபரப்பில் வெட்டியிருந்தது.

அந்தச் சொற்கள் கேட்க வலிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காட்சி கிழட்டு மேஜரின் மடமையைத்தான் காட்டுகிறது. முழுசாகப் பார்த்து நாமே முடிவு செய்துகொள்ள ஓர் இடம் வேண்டும் இல்லையா? டிஸ்க் அந்த இடம்.

சரி, டிஸ்க்கும் எப்போதும் முழுமை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒன்லி ஃபூல்ஸில் பின்னணியில் அந்தக் காலத்துப் பிரபலப் பாடல்கள் நிறைய வரும். ஒளிபரப்புக்கு வாங்கிய பாட்டு உரிமை வீடியோ விற்பனைக்குச் செல்லாது. அதனால் டிவிடியில் சில இடங்களில் பாட்டை மாற்றியோ காட்சியை நறுக்கியோ இருக்கிறார்கள். இந்த ஒரு தொடருக்கு மட்டும், பழைய ஒளிபரப்பை வீட்டில் பதிவு செய்த கேசட் யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்வேன்.

எந்த ரீஜன் டிஸ்க் வாங்க வேண்டும்?

ஒரு டிவிடி எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்பதைக் குறிக்கும் எண்தான் ரீஜன். பிரிட்டனில் வெளியாகும் டிவிடி ரீஜன் 2. இந்தியாவும் இலங்கையும் ரீஜன் 5, மலேசியாவும் சிங்கப்பூரும் 3, அமெரிக்காவும் கனடாவும் 1. ஆகவே ரீஜன் பூட்டு இல்லாத பிளேயர் ஒன்று வாங்கிவிடுங்கள். பல மாடல்களில் ரிமோட்டில் சில எண்களை அழுத்தியே பூட்டைத் திறந்துவிடலாம்.

முடிந்தவரை பிரிட்டிஷ் பதிப்பையே வாங்குங்கள். இவை பெரும்பாலும் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் எடுக்கப்பட்டவை: 625 கோடு, விநாடிக்கு 25 படம். அமெரிக்கப் பதிப்புக்காக அங்குள்ள என்டிஎஸ்சி முறைக்கு மாற்றும்போது அசைவில் ஒரு திக்கல் வந்துவிடும். இந்தியாவும் பால் முறை நாடு என்பதால் நமக்கு இதில் சிக்கல் இல்லை. வட அமெரிக்காவில் இருப்பவர்கள் பிளேயர் பால் டிஸ்க்கை ஓட்டுமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

புளூரேக்கு மாறலாமா?

அவசரம் வேண்டாம். ஸ்டுடியோவில் 625 கோடு டேப்பில் எடுத்ததற்குள் அதற்கு மேல் விவரம் கிடையாது. பெரிதாக்கலாம், கூட்ட முடியாது. படத் தரவைச் சுருக்குவது (கம்ப்ரஷன்) குறைவதால் புளூரேயில் படம் சுத்தமாக இருக்கும், அது உண்மை. மூல ஃபிலிமிலிருந்து வெளிப்புறக் காட்சிகளைப் புதிதாக ஸ்கேன் செய்திருந்தால் வாங்கலாம். அங்கே ரீஜன் எழுத்தும் வேறு: பிரிட்டன் பி, இந்தியாவும் இலங்கையும் சி, மலேசியாவும் சிங்கப்பூரும் ஏ.

வீட்டில் பழைய கேசட்டுகள் இருக்கின்றன. ஓட்டிப் பார்க்கலாமா?

முதலில் கேசட்டில் உள்ள சின்ன ஜன்னல் வழியே டேப் சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் பொடி அப்பியிருந்தால் அது பூஞ்சை. கடலோரக் காற்றில் இது மிகச் சாதாரணம். அதை டெக்கில் (கேசட் பிளேயரில்) போடவே கூடாது. போட்டால் பூஞ்சை டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். போரிட்ஜ் கேசட் ஒன்றை நான் பார்க்காமல் போட்டுவிட்டேன். டேப் ஹெட்டில் ஒட்டிக் கிழிந்து, முதல் இருபது நிமிடம் போயே போய்விட்டது. அப்படிப் பூஞ்சை பிடித்த கேசட்டைச் சுத்தம் செய்து கணினிக்கு மாற்றித் தருபவர்களிடம் கொடுங்கள். நல்ல கேசட்டை முழுசாகச் சுற்றி, புத்தகம்போல நிமிர்த்தி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

மைண்ட் யுவர் லாங்குவேஜ் நம்மைக் கேலி செய்கிறதே, அதையும் பார்க்கச் சொல்கிறீர்களா?

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 1977-ல் ஐடிவியில் தொடங்கிய தொடர். லண்டனில் ஒரு மாலை வகுப்பு, பல நாட்டவர் ஆங்கிலம் படிக்கிறார்கள், ஒவ்வொருவரும் தன் நாட்டைப் பற்றிய தேய்ந்த கேலிக்கு உருவம். சீக்கியராக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையில் பிறந்தவர். இது புண்படுத்துகிறது என்று ஐடிவிக்குள்ளேயே கருதி 1979-ல் நிறுத்தினார்கள். ஆனால் இந்தியாவிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் நம்மவர்களே விரும்பிப் பார்த்தார்கள். 1993-ல் தூர்தர்ஷனில் இந்தியில் 'ஜபான் சம்பால்கே' என்று வந்தது. அதில் மாணவர்கள் இந்தியாவின் வெவ்வேறு மாநிலத்தவர், வெளிநாட்டவர். கற்ற மொழி இந்தி.

என் கருத்து: பாருங்கள், பிடிக்காத இடத்தில் பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்நிய மொழியில் தடுமாறும் அவமானத்தையும் கூச்சத்தையும் அறிந்தவர்கள் அந்த வகுப்பறையில் தங்களையும் கண்டார்கள். ஆனால் இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம் தொடரில் வெள்ளைக்கார நடிகர் ஒருவர் முகத்தில் பழுப்புச் சாயம் பூசி இந்தியப் பணியாளராக வருவதை என்னால் ரசிக்க முடிவதில்லை. பிபிசி அதை மறுஒளிபரப்பு செய்வதில்லை. டிஸ்க்கில் கிடைக்கிறது, அக்காலம் எப்படி இருந்தது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு.

குழந்தைகளோடு பார்க்க?

மிஸ்டர் பீன். அப்புறம் டாட்ஸ் ஆர்மி. பத்து வயதுக்கு மேல் ஃபால்ட்டி டவர்ஸ்.

பிளாக்காடரை வரிசையாகத்தான் பார்க்க வேண்டுமா?

ஒவ்வொரு பாகமும் வேறொரு காலத்தில் நடக்கும் தனிக் கதை, அதனால் முதல் பாகத்தைக் கடைசிக்குத் தள்ளினாலும் குற்றமில்லை. 1983-ல் வந்த அது பெரும் செலவில் வெளிப்புறத்தில் எடுத்தது, ஆனால் ரோவன் அட்கின்சனின் பாத்திரம் இன்னும் உருவம் பெறவில்லை. இரண்டாம் பாகத்திலிருந்து ரிச்சர்ட் கர்ட்டிசோடு பென் எல்டன் எழுத வந்தார், ஸ்டுடியோவுக்குள் சுருங்கினார்கள், வசனம் கூர்மையானது.

நான்காம் பாகத்தை மட்டும் முதலில் பார்த்துவிடாதீர்கள். முதல் உலகப் போரின் பதுங்குகுழி. ஐந்து எபிசோடு முழுக்க கேப்டன் பிளாக்காடர் போர்முனையிலிருந்து தப்பிக்க வழி தேடுகிறார். ஆறாவதில் வழி தீர்ந்துவிடுகிறது. விசில் ஊதுகிறார்கள், எல்லாரும் மேலேறி ஓடுகிறார்கள். ஸ்டுடியோவில் போட்ட அந்தப் போர்க்களம் எடுத்தபோது சரியாக வரவில்லை. எடிட்டிங்கில் வேகத்தைக் குறைத்து, தொடரின் இசையைப் பியானோவில் மெல்ல ஒலிக்கவிட்டு, ஓடும் மனிதர்களைக் கரைத்து அந்த இடத்தில் சிவப்பு பாப்பி பூக்கள் நிறைந்த வயலைக் கொண்டுவந்தார்கள். 1989 நவம்பர் 2 அன்று, போரில் இறந்தவர்களை பிரிட்டன் நினைவுகூரும் நாளுக்கு ஒன்பது நாள் முன்னால், இது ஒளிபரப்பானது. முந்தைய ஐந்தையும் பார்த்துச் சிரித்தவர்களுக்குத்தான் அந்த வயல் முழுசாகத் தெரியும். டிஸ்க் தானாக மெனுவுக்குத் திரும்பி முகப்பு இசையைப் போடும். ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்து அதற்கு முன் நிறுத்திவிடுங்கள்.